புனே தர்ஷன்: ஒரு நாள் பஸ் பயணமும் கைடு சொல்லாத தமிழ்த் தொடர்புகளும்

ஊரிலிருந்து சம்பந்தியோ சித்தப்பாவோ வந்து இறங்கினால் புனேத் தமிழர் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எங்கே கூட்டிக்கிட்டுப் போறது?" என்பதுதான். ஷீரடி, பண்டரிபுரம் எல்லாம் அவர்களே திட்டம் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். ஊருக்குள் ஒரு நாள் என்றால் நம்மில் பலருக்குக் கை கொடுப்பது 'புனே தர்ஷன்' பஸ். மாநகரப் போக்குவரத்து நிறுவனம் நெடுங்காலமாக நடத்திவரும் சுற்றுலா இது. முன்பு பி.எம்.டி. என்று இருந்த நிறுவனமும் பிம்ப்ரி-சிஞ்ச்வடின் நிறுவனமும் 2007-ல் இணைந்து பி.எம்.பி.எம்.எல். ஆயின, பஸ்ஸும் அந்தப் பெயரின் கீழ் வந்தது. காலை ஒன்பது மணி வாக்கில் கிளம்பி, மாலையில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கூடவே ஒரு கைடு வருவார். பேச்சு மராத்தியிலும் இந்தியிலும் இருக்கும்.

இந்த பஸ்ஸில் விருந்தாளிகளோடு நான் ஏழெட்டு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கைடு மராத்தியில் சொல்வதைத் தமிழில் சொல்லுவது என் வேலை. அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கு ஒன்று புரிந்தது. கைடு நன்றாகத்தான் சொல்கிறார்; ஆனால் ஓர் இடத்துக்கு இருபது நிமிடம்தான் என்பதால் புனேயின் கதையைப் புனேயோடு முடித்துக்கொள்கிறார். அந்தக் கதையின் பாதி நம் பக்கத்தில், அதாவது தஞ்சாவூரிலும் செஞ்சியிலும் காஞ்சிபுரத்திலும் கிடக்கிறது. அதைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.

இதை வேலையற்ற ஆராய்ச்சி என்று எண்ணவேண்டாம். மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்பு வரலாறு என்றாலே சிவாஜி மகாராஜின் வரலாறுதான். இங்கே படிக்கும் நம் பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். தமிழ்நாடு என்பது அவர்களுக்கு மே மாத லீவில் போகும் பாட்டி வீடு. வரலாறு என்பது மராத்தியில் இருப்பது. இந்த இரண்டும் வேறு வேறு என்று அவர்கள் நினைத்துக்கொண்டு வளர்ந்தால் குற்றம் அவர்கள் மேல் இல்லை.

பஸ் நிற்கும் இடங்களும் வரிசையும் கட்டணமும் அவ்வப்போது மாறும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் இடம்பெறும் இடங்களை மட்டும் எனக்குத் தோன்றிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில் லால் மஹால். கஸ்பா பேட்டையில் இருக்கும் சிவப்புக் கட்டடம். இப்போது நிற்பது 1980-களில் மாநகராட்சி கட்டியது. ஷாஹாஜி தம் மனைவி ஜீஜாபாய்க்கும் மகன் சிவாஜிக்கும் கட்டிய பழைய மஹால் எப்போதோ அழிந்துவிட்டது. 1663 ஏப்ரலில் இந்த மஹாலில் தங்கியிருந்த முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கானை இரவில் சிவாஜி தாக்கியதையும், கானின் விரல்கள் வெட்டுப்பட்டதையும் கைடு நடித்தே காட்டுவார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

அவர் சொல்லாமல் விடுவது ஷாஹாஜியின் மறுபாதியை. புனே ஷாஹாஜியின் ஜாகீர். ஆனால் அவர் பிற்காலத்தில் பெரும்பாலும் வாழ்ந்தது பிஜாப்பூர் சுல்தானின் சேவையில், பெங்களூர்ப் பக்கம். அவருடைய இன்னொரு மனைவி துக்காபாயின் மகன் வெங்கோஜி; நாம் ஏகோஜி என்போம். அவர் 1676 வாக்கில் தஞ்சாவூரைப் பிடித்து அரசராக அமர்ந்தார். தஞ்சை மராட்டிய அரசு என்று நாம் பாடத்தில் படித்தது இந்த லால் மஹால் குடும்பத்தின் இன்னொரு கிளைதான். அண்ணன் புனேயில், தம்பி தஞ்சாவூரில். 1677-ல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது அண்ணனும் தம்பியும் கொள்ளிடக்கரையில் திருமழபாடியில் சந்தித்தார்கள். சொத்துப் பங்கு பற்றிய பேச்சு, சுமுகமாக முடியவில்லை. (அப்பா சொத்துக்காக அண்ணன் தம்பி மனஸ்தாபம் என்பது அரச குடும்பத்துக்கும் உண்டு என்று சொன்னால் நம் விருந்தாளிகள் உடனே கதைக்குள் வந்துவிடுவார்கள்.)

அடுத்துள்ள சனிவார் வாடாவில் இதன் தொடர்ச்சியைச் சொல்லலாம். முதலாம் பாஜிராவ் 1730 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 1732-ல் குடிபுகுந்த பேஷ்வா அரண்மனை. வடக்கு பார்த்த தில்லி தர்வாஜாவில் யானை முட்டாமலிருக்கக் கதவில் இரும்பு முள் வைத்திருப்பதைப் பாருங்கள். உள்ளே போனால் அடித்தளமும் தோட்டமும் நீரூற்றுத் தொட்டிகளும்தான். மாளிகை 1828-ல் தீக்கிரையாயிற்று. கைடு இங்கே அதிக நேரம் செலவிடுவது 1773 ஆகஸ்டு 30-ல் கொல்லப்பட்ட இளம் பேஷ்வா நாராயணராவின் கதையில். "காகா, மலா வாச்சவா" – சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்க – என்று கத்தியபடி ஓடினாராம். பௌர்ணமி இரவில் அந்தக் குரல் இன்னும் கேட்கிறதாம். கொலை வரலாறு, குரல் வியாபாரம். இருக்கிற இருபது நிமிடத்தில் பதினைந்தைப் பேய்க்குக் கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

மீதி ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லுங்கள். 1817 நவம்பர் 5-ல் கட்கியில் சண்டை நடந்தது. ஆம், நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் அதே கிர்க்கிதான். பேஷ்வா தோற்றார், நவம்பர் 17-ல் இந்த வாடாவின் மேல் கம்பெனிக் கொடி ஏறியது. 1818-ல் பேஷ்வா ஆட்சி முடிந்தது. ஆனால் தஞ்சாவூரில் போன்ஸ்லே அரசர்கள், 1799-க்குப் பிறகு அதிகாரம் குறைந்து பெயரளவிலேனும், 1855 வரை இருந்தார்கள். புனேயில் மராட்டிய அரண்மனை எரிந்து கிடந்த காலத்தில் தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி மராத்தி, சமஸ்கிருதம், தமிழ், தெலுங்குச் சுவடிகளைச் சேர்த்து சரஸ்வதி மஹால் நூலகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தம் குலத்தின் வரலாற்றை 1803-ல் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டிவைத்தவரும் அவரே. புனேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் அந்தக் கல்வெட்டின் தேவநாகரி எழுத்துகளை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடும். கூட வந்த ஊர்க்காரரால் முடியாது. இது சின்னப் பெருமை இல்லை.

செஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தை விட்டுப் போக எனக்கு மனம் வராது. என் சொந்த ஊர் செஞ்சிக்கு அருகில். எங்க ஊர்ப் பக்கம் செஞ்சி என்றால் தேசிங்கு ராஜா கதைதான். மராட்டியர் பெயரை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. சிவாஜி 1677-ல் செஞ்சியைப் பிடித்து அரண்களைப் பலப்படுத்தினார். அவர் 1680-ல் மறைந்தார். 1689-ல் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். அதே ஆண்டு ராய்கட் தலைநகரும் விழுந்தது. இளைய மகன் ராஜாராம் தப்பி, இத்தனை தூரம் கடந்து வந்து சேர்ந்தது செஞ்சிக்கு. 1698 வரை, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், மராட்டிய அரசின் தலைமையிடம் தமிழ் மண்ணில் இருந்தது. முகலாயப் படை சுற்றி முற்றுகையிட்டுக்கொண்டே இருந்தது. மராட்டிய ஆட்சியில் பிற்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட 'பிரதிநிதி' என்ற பதவி உருவானதே செஞ்சியில்தான். அந்த எட்டு ஆண்டுகள் செஞ்சி தாக்குப்பிடிக்கவில்லை என்றால், பின்னால் பேஷ்வா ஏது, சனிவார் வாடா ஏது என்பது என் கட்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், சிவ்னேரி, லோஹகட், ராஜ்கட் மூன்றும் நம் புனே மாவட்டத்திலேயே. பன்னிரண்டாவது செஞ்சி. நான்காம் வகுப்பு படிக்கும் என் பேரனிடம் இதைச் சொன்னபோது, "தாத்தா, அது நம்ம கோட்டையா, அவங்க கோட்டையா?" என்று கேட்டான். இரண்டும்தான்டா என்றேன். அவனுக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வந்து வரைபடத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

பக்கத்தில் நாராயண் பேட்டையில் கேசரி வாடா. பட்டியலில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். திலகர் 1905-ல் வாங்கிக் 'கேசரி' பத்திரிகையை நடத்திய வீடு. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் உடைந்தபோது திலகர் பக்கம் நின்றவர்களில் பாரதியாரும் வ.உ.சி.யும் உண்டு. மறு ஆண்டு ஜூலை 7-ல் திருநெல்வேலியில் வ.உ.சி.க்குத் தண்டனை, ஜூலை 22-ல் பம்பாயில் திலகருக்கு ஆறு ஆண்டு, மாண்டலே சிறை. பதினைந்து நாள் இடைவெளிதான். திலகரின் மேஜையையும் கைத்தடியையும் பார்க்கும்போது தூத்துக்குடிக் கப்பலும் நினைவுக்கு வரட்டும்.

ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தில் எனக்குத் தமிழில் சொல்லவேண்டிய அவசியமே வருவதில்லை. அங்கே உள்ளவை வீட்டுச் சாமான்கள். தினகர் கேல்கர் (1896–1990) என்பவர், சிறுவயதில் இறந்துபோன தம் மகன் ராஜாவின் பெயரால் வாழ்நாள் முழுதும் ஊர் ஊராகச் சுற்றிச் சேர்த்தவை. சுமார் 20,000 பொருள்கள். அவற்றில் சில ஆயிரம்தான் பார்வைக்கு இருக்கின்றன. தந்தத்திலும் பித்தளையிலும் விதவிதமான பாக்குவெட்டிகள், தொங்குவிளக்குகள், சீப்புகள், குங்குமச் சிமிழ்கள், பூட்டுகள், வாசல் கதவுகள், வாத்தியங்கள். போன தடவை என்னோடு வந்த எங்க அத்தை பாக்குவெட்டிகளின் எதிரே நின்று, "இதுல பாதி எங்க மாமியார் பரண்ல கிடந்துச்சு, ஈயம் பித்தளைக்காரன்கிட்ட போட்டேன்" என்றார். அருங்காட்சியகம் எதற்கு என்பதை அவருக்கு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. இங்கே மட்டும் பஸ் கொடுக்கும் நேரம் போதவே போதாது; இன்னொரு நாள் தனியாக வரவேண்டும்.

ஜங்லி மகாராஜ் சாலையில் பாதாளேஸ்வர். நடு ஊரில், சாலை மட்டத்துக்குக் கீழே, ஒரே பாறையில் குடைந்த சிவன் கோயில். முன்னால் வட்ட வடிவ நந்தி மண்டபம். எட்டாம் நூற்றாண்டு, ராஷ்டிரகூடர் காலம். நம்மவர்கள் பார்த்ததுமே "மகாபலிபுரம் மாதிரி இருக்கே" என்பார்கள். அந்த உணர்வில் நியாயம் இருக்கிறது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றும் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்ததாக அங்கேயே கன்னடக் கல்வெட்டு உண்டு. அவன் அரசி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயல் தெரியும்; பட்டடக்கல்லின் சாயல் ராஷ்டிரகூடர்கள் குடைந்த எல்லோரா கைலாசத்தில் தெரியும் என்பது அறிஞர் கருத்து. பாதாளேஸ்வர் இவற்றைப்போல் பெரிதில்லை. தூண்களில் வேலைப்பாடும் இல்லை, பாதியில் நின்ற வேலை. அதே காலத்தின் எளிய உறவுக்காரர் என்று சொல்லலாம்.

அதே சாலையில்தான் 1968-ல் திறக்கப்பட்ட பால கந்தர்வ ரங்கமந்திர். பஸ் நிற்காது, ஜன்னல் வழியாகக் காட்டுவார்கள். மராத்தி நாடகம் 1843-ல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவேயோடு தொடங்கியது என்பது இங்கே பள்ளிப்பாடம். ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தஞ்சாவூரில், ஏகோஜியின் மகன் ஷாஹுஜி மராத்தியில் நாடகங்கள் எழுதியிருக்கிறார். சுவடிகள் சரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. இதை மராட்டிய நண்பர்களிடம் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள், பிறகு மிகவும் சந்தோஷப்படுவார்கள். சாம்பாரும் தஞ்சை மராட்டிய அரண்மனையில் பிறந்தது, சம்பாஜி பெயரால் வந்தது என்று பஸ்ஸில் யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்குச் சுவடி எதுவும் காட்டக் காணோம். சிரித்துக் கேட்டுவிட்டு விடலாம்.

பர்வதி மலைக்கு வருவோம். பஸ் அடிவாரத்து சரஸ்பாகோடு நிறுத்திக்கொண்டால் வேறொரு நாள் மாலையில் ஏறுங்கள். 103 படிகள்தான், முட்டிவலிக்காரர்கூட உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடலாம். நானாசாகேப் பேஷ்வா 1749-ல் கட்டிய தேவதேவேஸ்வரர் கோயில் மேலே. மகனையும் சித்தப்பா மகனையும் ஒரு பெரும் படையையும் பானிபட்டில் பறிகொடுத்த துக்கத்தில் அதே 1761-ல் அவர் உயிர்விட்டது இந்த மலையில். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுதும் தெரியும்.

இங்கே கார்த்திகேயருக்கும் ஒரு சந்நிதி இருக்கிறது. நம் விருந்தாளிகளுக்கு, அதிலும் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் நடந்து போகிறவர்களுக்கு, முருகன் சந்நிதி என்றதும் முகம் மலரும். அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டிய சேதி ஒன்று உண்டு. மராட்டிய வழக்கில் கார்த்திகேயர் நைஷ்டிக பிரம்மசாரி. பெண்கள் அவரைத் தரிசிப்பதில்லை என்பது இங்கே பழைய சம்பிரதாயம். கார்த்திகைப் பௌர்ணமி தரிசனம் விசேஷம். மறுபக்கம், நம் ஊரில் ஆற்றங்கரையிலும் அரசமரத்தடியிலும் தனிக்கட்டையாக இருக்கும் பிள்ளையாருக்கு இங்கே சித்தி, ரித்தி என்று இரண்டு மனைவியர். கிருஷ்ணா நதியைத் தாண்டியதும் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது, தம்பி பிரம்மசாரி ஆகிவிடுகிறார். "வள்ளி தெய்வானையோட இருக்கிறவரை இப்படித் தனியா நிறுத்திட்டாங்களே" என்று அத்தை சொன்னதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, பக்கத்திலிருந்த மராட்டிய அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தார். எந்த வழக்கு சரி என்று வாதாடும் இடமல்ல இது. ஒரே தெய்வம் இரண்டு நாட்டில் இரண்டு விதமாகக் குடும்பம் நடத்துகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது, பத்துப் புத்தகம் படிப்பதற்குச் சமம்.

வானவடியில் உள்ள ஷிந்தே சத்ரி, 1794-ல் அங்கே காலமான மஹாத்ஜி ஷிந்தேயின் நினைவிடம். அழகான, அமைதியான இடம். தமிழ்த் தொடர்பு என்று நான் இழுத்துக் கட்டப்போவதில்லை. காத்ரஜ் மிருகக்காட்சிசாலை பிள்ளைகளுக்கானது; புதன்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பஸ் ஆகா கான் அரண்மனையை நோக்கி நதியைக் கடந்தால் எரவடா. சிறைச்சாலையில் நிற்கமாட்டார்கள், ஆனால் அந்தப் பக்கம் வரும்போது 1932-ஐச் சொல்லுங்கள். தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி வழங்கியதை எதிர்த்துக் காந்தி செப்டம்பர் 20-ல் இந்தச் சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார்; 24-ல் புனே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அம்பேத்கரோடு கையெழுத்திட்டவர்களில் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் ராஜாஜியும் உண்டு. மாகாணச் சட்டசபைகளில் ஒதுக்கப்பட்ட 148 இடங்களில் 30 சென்னை மாகாணத்துக்கு. தனித் தொகுதி போனது இழப்பு என்பாரும், இடங்கள் இருமடங்கானது லாபம் என்பாரும் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் நம் நாட்டின் ஒரு பெரிய கணக்கு இந்த ஊரில் எழுதப்பட்டபோது தமிழர் கைகளும் அதில் இருந்தன.

ஆகா கான் அரண்மனையைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மூன்றாம் ஆகா கான் 1892-ல் பஞ்சகாலத்தில் மக்களுக்கு வேலை கொடுக்கக் கட்டிய மாளிகை. 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தைத் தொடர்ந்து 1942 ஆகஸ்டு 9-ல் கைதான காந்தியை இங்கேதான் வைத்தார்கள். 1944 மே 6 வரை. வந்த ஆறாம் நாளே, ஆகஸ்டு 15-ல், செயலாளர் மகாதேவ தேசாய் மாரடைப்பில் போய்விட்டார். கஸ்தூரிபா 1944 பிப்ரவரி 22, மகாசிவராத்திரி அன்று, கணவர் மடியில் உயிர் நீத்தார். தோட்டத்தில் இருவர் சமாதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1969-ல் நான்காம் ஆகா கான் மாளிகையை நாட்டுக்கு வழங்கினார்.

அந்தச் சமாதியின் முன் நான் எப்போதும் சொல்லுவது தில்லையாடி வள்ளியம்மையை. தென்னாப்பிரிக்காவில் இந்து, முஸ்லிம் முறைத் திருமணங்கள் செல்லாது என்று ஆனபோது, 1913-ல் கஸ்தூரிபா முதன்முதலாகச் சிறை சென்றார். மாரிட்ஸ்பர்க் சிறை, மூன்று மாதம். அதே போராட்டத்தில் அதே மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனவர், ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த பதினாறு வயதுகூட நிரம்பாத வள்ளியம்மை. பெற்றோர் தரங்கம்பாடிக்குப் பக்கத்துத் தில்லையாடியிலிருந்து பிழைக்கப் போனவர்கள். சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாளில் இறந்தார். இறந்தது 1914 பிப்ரவரி 22. கஸ்தூரிபா இறந்த அதே தேதி, சரியாக முப்பது ஆண்டு முன்பு. கைடுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நம்மைப் போலவே ஊரைவிட்டுப் பிழைக்கப் போன குடும்பத்துப் பெண் அவள். பிறந்த ஊர் வேறு, வேர் வேறு. புனேயில் பிறந்த நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அவளை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மழைக்காலத்தில் குடையும், ஏப்ரல்-மே மாதங்களில் தொப்பியும் தண்ணீரும் வேண்டும். அரண்மனைக்கும் அருங்காட்சியகத்துக்கும் நுழைவுச்சீட்டு தனியா என்று ஏறும்போதே கேளுங்கள். பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தால் கைடு பேச்சு நன்றாகக் கேட்கும். நடுவில் கேள்வி கேட்டு அவரை நிறுத்தாதீர்கள்; அவருக்கு நேரக் கணக்கு உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் பேசுங்கள். போன முறை செஞ்சிக் கதையை அப்படித்தான் சொன்னேன். "ஜிஞ்ஜி மாஹித் ஆஹே, செஞ்சி எனக்குத் தெரியும், ஆனா அது உங்க ஊர் என்று தெரியாது" என்றார். திரும்பும்போது மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டார்.